நீலிக்கு யார் கட்டுப் போடுவது? குமரி வாதைகளும் காமிக்ஸ் நாயகர்களும்

நாகர்கோவில் பார்வதிபுரத்தை ஒட்டிக் கிடக்கும் கள்ளியங்காட்டில் இன்று காட்டைத் தேடினால் கிடைக்காது. வீடு, கடை, ரோடு, அவ்வளவுதான். ஆனால் 2025 ஓணத்துக்கு வெளியான ‘லோகா சாப்டர் 1: சந்திரா’ என்ற மலையாளப் படத்தால் அந்த ஊர்ப் பெயர் எங்கெல்லாமோ போய்விட்டது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற நாயகி கள்ளியங்காட்டு நீலியேதான். காலங்காலமாகச் சாகாமல் திரிகிறவள் இன்றைய பெங்களூரில் இறங்கி அடிதடி நடத்துகிறாள். மலையாளிக்கு அவள் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியாரின் கதையில் வரும் யட்சி. குமரி மாவட்டத்தில் அவள் இசக்கி, கொடை என்ற கோயில் திருவிழாவில் படையல் வாங்கும் சாமி. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. ஒரே நீலி இரண்டு மொழியில் இரண்டு விதமாக வளர்ந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

பேயைப் பிடித்துச் சூப்பர் ஹீரோ வேலை கொடுப்பது புது யோசனையும் கிடையாது. அமெரிக்கக் காமிக்ஸ் 1940-லேயே செய்து பார்த்தது, பலமுறை சறுக்கியது. சறுக்கிய இடங்களைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் அகப்படும்: சக்தியைக் கொடுத்தவர்கள் கட்டை, அதாவது அந்தச் சக்திக்கான வரம்பை, கொடுக்க மறந்துவிட்டார்கள். கொடைச் சடங்கும் வில்லுப்பாட்டும் இந்தக் கணக்கில் கெட்டி. ஒரு வாதைக்கு (ஊர் கும்பிடும் ஆவிக்கு) சக்தி எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், எதைக் கண்டால் பின்வாங்கும், என்ன கொடுத்தால் அடங்கும் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விடை இருக்கும். விடை இல்லாத சாமிக்குக் கொடை நடத்த முடியாது.

பிறந்த சாமி, செத்த சாமி

வில்லுப்பாட்டுக் கதைகளை இரண்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று தெய்வப் பிறவி. கயிலாயத்தில் பிறந்து, வரம் வாங்கி, பூமிக்கு இறங்கியவை. சுடலைமாடன் இந்த வகை. மற்றது இறந்துபட்ட வாதை. மனிதராகப் பிறந்து, அநியாயமாக வெட்டுப்பட்டோ தானே உயிரை மாய்த்தோ, அடங்காமல் அலைந்து, பீடம் கிடைத்த பிறகு நிலைகொண்டவை. 1970களின் கடைசியில் இந்தப் பக்கம் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலையே பிறப்புக் கதை, இறப்புக் கதை என்ற இந்தப் பிரிவின் மேல்தான் கட்டினார்.

அமெரிக்கக் காமிக்ஸையும் இப்படியே பிரித்துவிடலாம். 1938இல் வந்த சூப்பர்மேன் தெய்வப் பிறவி. மேலேயிருந்து வந்தான், பிறப்பிலேயே பலம். இரண்டே வருடத்தில், அவனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல், ஓவியர் பெர்னார்ட் பெய்லியோடு சேர்ந்து செத்த சாமி ஒன்றை உருவாக்கினார். அதுதான் ஸ்பெக்டர். ஜிம் காரிகன் என்ற போலீஸ்காரனை ரௌடிகள் பீப்பாயில் போட்டு சிமென்ட் ஊற்றித் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். செத்தவனை ஒரு குரல் திருப்பி அனுப்புகிறது: குற்றம் ஒழியும்வரை உனக்கு ஓய்வு கிடையாது. வெட்டுப்பட்ட கதைகள் நிறையக் கேட்டவருக்கு இந்தத் தொடக்கம் பழகிய தடம்தான்.

சிக்கல் அடுத்த பக்கத்திலேயே தொடங்கியது. ஸ்பெக்டரால் மலையளவு வளர முடியும், முறைத்தே ஆளைக் கொல்ல முடியும். இப்படிப்பட்டவன் முன்னால் நாலு ரௌடிகள் நின்றால் கதை எத்தனை கட்டம் ஓடும்? கடைசியில் பெர்சிவல் பாப் என்ற கோமாளித் துப்பறிவாளனுக்குத் துணையாக அலையும் நிலைக்கு அந்தப் பாத்திரம் இறங்கியது. 1974இல் மைக்கேல் ஃப்ளைஷரும் ஜிம் அபரோவும் மீண்டும் எடுத்தபோது எதிர்த்திசையில் போனார்கள். குற்றவாளியை மரமாக்கி ரம்பத்தால் அறுப்பது, பூதாகாரக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுவது என்று தண்டனைகளின் கோரத்தை விற்றார்கள். வேடிக்கைக்குக் குறைவில்லை. எதிர்ப்பு மட்டும் இல்லை.

1967இல் வந்த டெட்மேன் கொஞ்சம் தேறியவன். பாஸ்டன் பிராண்ட் என்ற சர்க்கஸ் ஊஞ்சல் கலைஞன் ஆட்டத்தின் நடுவே சுடப்பட்டுச் சாகிறான். கொன்றவனைத் தேடும்வரை அடுத்தவர் உடம்பில் புகுந்து இயங்கலாம் என்று அவனுக்கு ஒரு தேவதை அனுமதி தருகிறது. அந்தத் தேவதைக்கு ‘ராமா குஷ்னா’ என்று பெயர். எந்த ஊர்க் கோயிலில் கேட்டாலும் ஆள் தெரியாது. பெயரை விடுங்கள், அமைப்பு பிடிபட்டுவிட்டது. தனியாக அவனால் ஒரு கதவைக்கூடத் தள்ள முடியாது. யாராவது ஒருவர் உடம்பு கொடுக்க வேண்டும். சாமியாடி இல்லாமல் சாமி பேசாது என்பதுதான் இங்கேயும் விதி.

இந்தக் கணக்கை நீலி கதையில் வைத்துப் பாருங்கள். பாடுகிற ஊருக்கு ஊர் பெயரும் உறவும் மாறும். எலும்புக்கூடு இப்படி: நம்பி வந்த பெண்ணை நகைக்காக ஒருவன் கொல்கிறான். மடியில் தூங்கியவளின் தலையை மெல்ல மணலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சி வைத்துவிட்டு அவள் சாகிறாள். தேடிவந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். மறுபிறப்பில் அவள் நீலி, கொன்றவன் ஒரு வியாபாரி. அவன் கையில் மந்திர வாள் இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. அதனால் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிறாள். “எம் புருசன் என்னையும் பிள்ளையையும் விட்டுட்டு ஓடுகாரு” என்று வழக்கு வைக்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நம்பி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விட்டுப் பூட்டுகிறார்கள். விடிந்தால் ஒரு பிணம். திருவாலங்காட்டுப் பக்கம் வழங்கும் பழையனூர் நீலி கதைக்கும் இதே கட்டமைப்பு. அங்கே பிணை நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்கிறார்கள்.

இதில் நீலி எங்கே பறக்கிறாள், யாரைத் தூக்கி எறிகிறாள்? கொலை நடக்கும் அறைக்குள் கதை நம்மைக் கூட்டிப்போவதுகூட இல்லை. அவளுடைய ஆயுதம் வழக்கு. பொய்ச் சாட்சியை வைத்து உண்மையான கொலைக்கு நீதி வாங்குகிறாள், அதுவும் ஊர்ச் சபையின் கையாலேயே எதிரியின் வாளைப் பிடுங்க வைத்து. உலகக் காமிக்ஸ் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு நுட்பமான மூலக்கதை அபூர்வம். ‘லோகா’ படம் இதை எடுக்கவில்லை. காட்டுக்குடிச் சிறுமி, அரசனின் ஆட்கள் செய்யும் கொடுமை, குகையில் அவளைத் தொற்றும் சக்தி என்று வேறு பாதை போட்டுக்கொண்டது. படத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். கள்ளிக் குழந்தையைத் தொடாமல் விட்டதால் வேறொருவர் வரைய அது அப்படியே மிச்சம் இருக்கிறது.

சாகும் நேரத்தைக் கணக்கிடுவது

வில்லுப்பாட்டை மேடை நிகழ்ச்சியாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வாய்ப்பில்லை. கொடையில் கதை கேட்பதற்காக மட்டும் பாடப்படுவதில்லை, சாமியை வரவழைக்கவும் பாடப்படுகிறது. ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் வில்லை எடுத்துச் சமூகக் கருத்துகளைப் பாடி நாடு முழுக்கப் பரப்பினார். அது வில்லின் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கை இன்னும் கோயில் பந்தலில்தான் நடக்கிறது.

பத்தடி அளவுள்ள வில், பனை வயிரத்திலோ மூங்கிலிலோ செய்தது. வளைவில் வரிசையாக மணிகள். வில்லின் நடுப்பகுதியை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி நடுவில் உட்கார்ந்து இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். குடம் அடிப்பவர் அதன் வாயைத் தட்டையான மட்டையால் அறைவார். அந்த ‘கும்’ என்ற ஒலிதான் கூட்டத்தின் வயிற்றில் இறங்குவது. உடுக்கை, ஜால்ரா, கட்டை கூடவே. வலத்தே ஒரு கை, இடத்தே ஒரு கை என்று பின்பாட்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி என்பது வரிசை.

இந்த வரிசையில் அண்ணாவியின் முழுத் திறமையும் தெரிவது கடிகாரத்தோடு அவர் போடும் சண்டையில்தான். இறந்துபட்ட வாதையின் கதையில் சாவுக் கட்டம்தான் உச்சம். அந்த இடத்தில் தாளம் முடுகும், உரைநடை குறையும், பாட்டு ஓடும். நையாண்டி மேளம் சேர்ந்துகொள்ளும். சாமியாடிக்கு அருள் வருவதும் அங்கேதான். ஆகவே சாவுக் கட்டம் நடுச்சாமப் பூசையோடு பொருந்த வேண்டும். கதை முந்திவிட்டால் சாமியாடி இன்னும் ஆட்ட உடையான சல்லடத்தைக் கட்டியிருக்க மாட்டார், படையல் இலை விரித்திருக்காது, பூசாரி தீபத்தோடு நிற்க மாட்டார். அருள் வந்தால் ஆடுவதற்கு இடமில்லை. கதை பிந்தினால் பூசை நேரம் தப்பும், ஊர்த் தலைவர் பந்தல் ஓரம் வந்து கண்ணைக் காட்டுவார். அதனால் கைதேர்ந்த அண்ணாவி நாட்டுவளத்தை இழுத்தோ, நடுவில் ஒரு நகைச்சுவைக் கிளைக்கதையைச் செருகியோ, வேண்டுமானால் ஒரு தலைமுறையை நாலு வரியில் தாண்டியோ நேரத்தைச் சரிக்கட்டுவார். ஏட்டில் இருக்கும் கதைக்கும் பாடும் கதைக்கும் நீளம் ஒத்துவராததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அமெரிக்க மாத இதழுக்கு 20 அல்லது 22 பக்கம், செய்தித்தாள் தொடருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டம். அவர்களும் கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வித்தியாசம், சாவை எங்கே வைப்பது என்பதில். காமிக்ஸில் மூலக்கதைச் சாவு முதல் இதழின் மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும், பிறகு அடிதடி. வில்லில் சாவுக்கு முன்னால் இரவில் பாதி ஓடியிருக்கும். செத்தவளை நாம் அவ்வளவு நேரம் உயிரோடு பார்த்திருப்போம். அருள் வருவதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர்மேன் கால்சட்டைக்கு மேல் ஜட்டி அணிந்திருப்பதைக் கேலி செய்யாதவர் இல்லை. ஓவியர் ஜோ ஷஸ்டர் அந்த உடையைச் சர்க்கஸ் பலவான்களைப் பார்த்து வரைந்தார். மாடனுக்கு ஆடுபவர் கட்டும் சல்லடமும் அதே போலத்தான் கண்ணை இழுக்கும்: அரையில் இறுக்கிய கச்சை, மணி தைத்த குட்டையான சல்லடம், தலையில் குல்லாய், கையில் வல்லயம் என்ற ஈட்டி அல்லது வெட்டரிவாள், மறுகையில் தீப்பந்தம். இருட்டில், தூரத்தில், ஆயிரம் பேர் நடுவே ஆளை அடையாளம் காண வேண்டும். அதற்கு நிறமும் மணிச்சத்தமும் வேண்டும். சர்க்கஸ் கூடாரத்துக்கும் சுடுகாட்டு வேட்டைக்கும் தேவை ஒன்றுதான்.

இரும்பு, சுண்ணாம்பு, கிரிப்டோனைட்

கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யில் வரும் கடமற்றத்துக் கத்தனார் கதையில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே காட்டுவழியில் ஒரு யட்சி நிற்கிறாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வழிப்போக்கரை மறிப்பது அவள் வேலை. பதில் சொல்லி நின்றவன் தொலைந்தான். கத்தனார் அவளை இரும்பு ஆணியால் கட்டுகிறார். ஆணி தலையில் இருக்கும்வரை அவள் சாதாரணப் பெண். காயங்குளத்தில் ஒரு வீட்டில் தலைமுடியைக் கோதிய பெண்ணொருத்தி ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, மறுபடியும் யட்சி. பிறகு பனயன்னார்காவில் அவளைக் குடியமர்த்துகிறார்கள்.

கதை சொல்லும் நோக்கில் இந்த ஆணி ஓர் அருமையான கருவி. கட்டு எங்கே இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். அதை அவிழ்க்கப் போகிறவளுக்குத் தெரியாது. பதற்றம் முழுக்க அந்த இடைவெளியில்தான். எதிரி வலுவானவனாக இருக்க வேண்டியதில்லை. தலை வாரிவிடும் பாசமுள்ள ஒரு பெண் போதும்.

சூப்பர்மேனுக்கு இப்படி ஒரு ஆணி கிடைக்க ஐந்து வருடம் ஆனது. அவன் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல் முதலில் வந்தது 1943இல், வானொலித் தொடரில். காமிக்ஸ் புத்தகத்துக்குள் நுழைந்தது 1949இல். அதுவரை அவனுக்குச் சமமான எதிரியைத் தேடி எழுத்தாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1940இல் வந்த முதல் கிரீன் லான்டர்னின் மோதிரம் மரத்துக்கு முன் செல்லாது. ஒரு உருட்டுக்கட்டை போதும். அதே காலத்து வொண்டர் வுமன், ஓர் ஆண் கையால் வளையங்களில் சங்கிலி பூட்டப்பட்டால் பலம் இழப்பாள். அவளைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் பொய் கண்டறியும் கருவிக்கு அடிப்படையான இரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கிய உளவியலாளர். அவள் கையில் உண்மை பேசவைக்கும் கயிறு இருப்பதைப் பார்த்துவிட்டு இந்தத் தகவலைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

மந்திரவாதி நாயகர்களுக்குக் கட்டுப் போடுவது இன்னும் கடினம். நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால் கதைக்கு ஏது முடிச்சு? லீ ஃபாக் 1934இல் தொடங்கிய மாண்ட்ரேக் முதலில் அசல் மாயம் செய்தான். போகப்போக எல்லாம் மனோவசியம் என்று ஆனது. எதிராளியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் மாயம் என்றதும் கதை தரையில் கால் ஊன்றியது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1963இல் கொண்டுவந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் உடலை விட்டு வெளியே பயணம் போவான். அந்த நேரத்தில் உடல் காவலில்லாமல் கிடக்கும், எதிரிக்கு அதுவே வாய்ப்பு. 1964இல் அறிமுகமான ஸடானா மந்திரச் சொற்களைத் தலைகீழாகச் சொல்வாள். வாயில் துணி அடைத்தால் தீர்ந்தது. 1985இல் ‘ஸ்வாம்ப் திங்’ கதைக்குள் சிகரெட்டோடு நுழைந்த ஜான் கான்ஸ்டன்டைன்தான் இவர்களில் கைகாரன். அவன் மந்திரம் போடுவதைவிடப் பேசி ஏமாற்றுவது அதிகம். விலையை எப்போதும் அவன் நண்பர்கள் உயிரால் கொடுப்பார்கள். அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் மூர், லண்டனில் ஒரு சாண்ட்விச் கடையில் கான்ஸ்டன்டைனை நேரிலேயே பார்த்ததாகச் சொன்னார். 1993இல் தன் நாற்பதாவது பிறந்தநாளில் இனித் தான் மந்திரவாதி என்று அறிவித்தவர் அவர். கும்பிடுவது கிளைக்கான் என்ற பழைய ரோமானியப் பாம்புத் தெய்வத்தை. அந்தத் தெய்வமே அந்தக் காலத்து மோசடி என்று சொல்லப்படுவதையும் அவரே எடுத்துச் சொல்வார். நம்ம ஊர் மந்திரவாதிகளிடம் இந்த நேர்மை காணக் கிடைக்காது.

1954இன் தடையும் பூசணிக்காயும்

அமெரிக்காவில் அமானுஷ்யக் காமிக்ஸ் தடம்புரண்டதற்கு எழுத்தாளர்கள் மட்டும் பொறுப்பில்லை. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954இல் எழுதிய புத்தகமும், அதே ஆண்டு நடந்த செனட் விசாரணையும் சேர்ந்து பதிப்பகங்களைப் பயமுறுத்தின. அவர்களே கூடி ஒரு நடத்தை விதியை எழுதிக்கொண்டார்கள். நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், பிணந்தின்னி எல்லாம் விலக்கு. அட்டையில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே வரக்கூடாது. விதிப்படி நடந்ததற்கான முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர் எடுக்க மாட்டார் என்பதால் விதி சட்டம்போல நடந்தது.

தடை போட்டால் ஆசை வேறு வாசல் தேடும். பிணம் நடக்கக் கூடாது என்பதால் மார்வெல் ‘ஸுவெம்பி’ என்று ஒன்றை நடமாட விட்டது. எல்லாக் குணமும் ஸோம்பியே, பெயர் மட்டும் வேறு. ஒரு டிசி இதழில், அலைந்து திரியும் ‘வுல்ஃப்மேன்’ ஒருவர் சொன்ன கதை என்று போட்டபோது தணிக்கையாளர் மறுத்தார். எழுதியவரின் பெயரே மார்வ் வுல்ஃப்மேன் என்று விளக்கிய பிறகு, அப்படியானால் அவர் பெயரைத் தெளிவாக அச்சிடுங்கள் என்றார்கள். கதாசிரியர் பெயர் போடும் வழக்கமே குறைவாக இருந்த காலத்தில் அது அவருக்கு லாபம். 1971இல் விதி தளர்ந்ததும் மோர்பியஸ், டிராகுலா, ஓநாய் மனிதன், கோஸ்ட் ரைடர், பிளேட் என்று மூன்று வருடத்துக்குள் ஒரு பட்டாளமே இறங்கியது.

தமிழ்நாட்டில் கோயில்களில் விலங்கு, பறவை பலியைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே உண்டு. ஏட்டிலேயே தூங்கியது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டதும் கிராமக் கோயில்களில் கொந்தளிப்பு. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. மாற்று ஏற்பாடுகள் இதற்கெல்லாம் முன்பே இருந்தவை. பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவுவது, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரைக் குருதியாகக் கொடுப்பது. ஸுவெம்பியும் இந்தப் பூசணியும் செய்யும் வேலை ஒன்றே. பார்வையாளருக்கு விஷயம் தெரியும், அதிகாரிக்கு ஆட்சேபம் இராது.

வேதாளர் செத்தால் யார் வருவார்?

1936இல் லீ ஃபாக் படைத்த ஃபேன்டம், தமிழில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் வாழ்ந்தவர், அமானுஷ்யம் துளியும் இல்லாத அமானுஷ்ய நாயகர். தகப்பன் செத்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான். மண்டையோட்டின் மேல் செய்த சத்தியம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இப்போதிருப்பவர் 21ஆவது. காட்டில் இருப்பவர்களுக்கு அவர் சாகாதவர். பரம்பரைச் சாமியாடிக் குடும்பங்கள் இருக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். ஆடியவர் மாறுவார், சல்லடமும் வல்லயமும் மாறாது, சாமியும் மாறாது.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி இதற்கு நேர் எதிர். பிரிட்டனில் 1962இல் தொடங்கிய தொடர் அது. லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கையில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சக்தி வடியும். ஆக மறைவதற்கு முன் ஒரு மின்கம்பியைத் தேட வேண்டும், மறைந்த பிறகும் கையை ஒளிக்க வேண்டும். சக்திக்குள்ளேயே இரண்டு கட்டு. தமிழ் வாசகர் இவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதற்கு அதுவும் காரணமாக இருக்க வேண்டும். மின்வெட்டு நாளில் மாயாவி என்ன செய்வார் என்ற கேள்வி சிவகாசியிலிருந்து குமரிவரை எல்லாப் பையன்களுக்கும் சொந்தமானது.

வரையப் போகிறவர்களுக்கு

நீலியை வரைய நினைப்பவர் முதலில் கள்ளியைச் சரியாக வரையட்டும். கௌபாய் படத்தில் கைகளைத் தூக்கி நிற்கும் தூண் கள்ளி வேண்டவே வேண்டாம். தட்டுத்தட்டாக முள் இருக்கும் சப்பாத்திக்கள்ளியும் தவறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது, பழைய கதைக்குள் நிற்காது. வேண்டியது பட்டை பட்டையாகக் கிளைக்கும் சதுரக்கள்ளி. கொப்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கள்ளிக் கொப்பு குழந்தையாகும் கட்டத்தில் அந்தப் பாலைக் காட்டினால் ஒரு வசனமும் தேவைப்படாது.

வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் சினிமாவும் மலையாள யட்சியும் கொடுத்தவை. பாலை மரமும் பனையும் அந்த யட்சிக்கு உரியவை. குமரியில் இசக்கிக்குச் சாத்துவது சிவப்புப் பட்டு. சிலையில் கோரைப்பல், சூலம், கையில் பிள்ளை. பயமுறுத்துகிற அவளிடமே பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். இந்த இரட்டைத் தன்மையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் பேய்ப்படம். மாடனுக்குப் பெரும்பாலும் முகமே இருக்காது. மேலே போகப்போகக் குறுகும் பீடம்தான். மீசையும் உருட்டு விழியும் பிற்காலத்துச் சேர்க்கை, காமிக்ஸில் தாராளமாக வைக்கலாம். ஆனால் கோயிலை வரையும் கட்டத்தில் பீடமே நிற்கட்டும்.

களத்துக்கு முப்பந்தலை விடச் சிறந்த இடம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று ஊளையிட்டு வரும், சுற்றிலும் காற்றாலைகள், தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள், ஓரத்தில் இசக்கியம்மன் கோயில். டிரைவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைத் தாண்டுவார்கள். கதைக்கு வேண்டிய எல்லை அங்கே தயாராக இருக்கிறது.

சாதியைத் துடைத்துவிட்டு வரைவதுதான் அதிகம் நடக்கும் பிழை. இறந்துபட்ட வாதைகளில் பலர் சாதி மாறிக் காதலித்ததால் வெட்டுப்பட்டவர்கள், மேலிடத்தை எதிர்த்ததால் செத்தவர்கள். அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு ‘தீய சக்தி’ என்று ஒரு வில்லனைப் போட்டால் கோபத்துக்கு முகவரி இல்லாமல் போகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சுடலை கதையில் காளிப் புலையன் மந்திரவாதி. மாடன் பழிவாங்குவது அவன் மகள் மாவிசக்கி வழியாக. கதையை அப்படியே வரைந்தால் ஒடுக்கப்பட்ட ஒருவன் வில்லன், ஒன்றுமறியாத ஒரு பெண் பலி. வில்லில் கேட்கிறவருக்கு இது உறுத்தாமல் போகலாம், அச்சில் நிச்சயம் உறுத்தும். அவள் பார்வையிலிருந்து சொல்லிப் பார்ப்பது ஒரு வழி.

நீலி வழக்கை 20 பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்றால், முதல் ஐந்து பக்கத்தில் பேய் வரக்கூடாது. உயிருள்ள பெண், அவள் நம்பிக்கை, மடி, மணல், கள்ளி. அண்ணனுக்கு ஒரு பக்கம், மறுபிறப்புக்கு ஒன்று. பஞ்சாயத்துக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள், கதை அங்கேதான் இருக்கிறது. பெரியவர்களின் முகம், குழந்தையின் நீட்டிய கை, வாள் கைமாறும் கட்டம். பூட்டிய அறைக்கு இரண்டு பக்கம் போதும், வெளியிலிருந்து. மிச்சம் மூன்றில் விடியலும் பீடமும். கொலையை விஸ்தாரமாக வரைந்தால் வாளின் எடை போய்விடும், வாசகர் இரத்தத்தைத்தான் நினைவில் வைப்பார்.

தொடராக்க விரும்புவோருக்கு இன்னொன்று. வில்லில் வாழி பாடியதும் வாதை அடங்கும். காமிக்ஸுக்கு அடங்கிய நாயகி ஆகாது. அதற்கும் ஊர் நம்பிக்கையிலேயே வழி இருக்கிறது. பங்காளிச் சண்டையிலோ வரித் தகராறிலோ கொடை நின்றுபோனால் சாமி எழுந்து அலையும் என்பார்கள். இரண்டாம் இதழைப் பூட்டிக் கிடக்கும் கோயிலில் தொடங்கலாம்: பந்தக்கால் நடாத முற்றம், வரிப் பணம் கொடுக்க மறுத்த ஒரு வீடு, ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் ஒரு பெண்.